முதல் நீச்சல்

விடிந்தும் விடியாத நேரத்தில் எட்டுப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மீன் பிடிக்கிற வலை இல்லை. விடுதி விருந்தினர் குளிப்பதற்காகக் கயிறும் மிதவையும் போட்டு வளைத்திருந்த கடலுக்குள், இரவில் வந்து சேர்ந்த, பட்டால் கொட்டுகிற சொறிமீன்களை அள்ளுகிற வலை. கோடை தொடங்கும்போது இந்தக் கடல் குளிர்ந்து கிடக்கும், கால் வைத்தால் விறைக்கும். தரையெல்லாம் காய்ந்து ஓய்ந்த பிறகுதான் தண்ணீருக்குச் சூடு ஏறும். கோடை முடியப்போகிற கடைசி மூன்று வாரம் கடல் வெதுவெதுவென்று இருப்பது விருந்தினருக்கும் பிடிக்கும், சொறிமீனுக்கும் பிடிக்கும். அந்த மூன்று வாரம் விடுதியில் ஒரு அறைகூடக் காலியாக இருக்காது, வலையும் காலியாக வராது.

வரிசையின் ஆழமான முனையில் ஒட்டடைக்குச்சி நின்றான். அவன் உயரத்துக்கு அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கரைப்பக்க முனையில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி வலையின் அடிக்கயிற்றைக் காலால் மணலோடு அழுத்திக்கொண்டே நகர்ந்தாள். கயிறு அரை அடி மேலே எழும்பினாலும் போதும், சொறிமீன் அதன் கீழே வழுக்கிக்கொண்டு போய்விடும். சிக்கியவை கண்ணாடிக் கிண்ணங்கள்போலத் தெளிவாக, ஓரத்தில் லேசான ஊதா நிறத்துடன் வலையில் குவிந்தன. நீல டிரம்மில் கவிழ்க்கும்போது தெறிக்கிற தண்ணீர்கூடச் சுரீரென்று கொட்டும். எட்டுப் பேருடைய முன்கைகளிலும் கெண்டைக்கால்களிலும் சிவப்புக் கோடுகள் இருந்தன. பழையவை கறுத்துப்போயிருந்தன.

உடம்பை மூடுகிற ரப்பர் உடுப்பு எட்டு இருக்கத்தான் செய்கிறது. சாமான் அறையில், உறைக்குள் மடித்து வைத்தபடி இருக்கிறது. போன வருடம் ஒரே ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மாடியிலிருந்து யாரோ படம் எடுத்துவிட்டார்கள். "என்னய்யா இது, கடல்ல ஏதோ விஷம் கலந்த மாதிரி இருக்கு! பார்க்கறவன் பெட்டியைத் தூக்கிட்டு ஓடிடுவான்" என்றார் மேலாளர். அன்றோடு சரி. அரைக்கால் சட்டையும், சிரிக்கிற சூரியன் படம் போட்ட மஞ்சள் பனியனும்தான் சீருடை.

வலை வேலை முடிந்தாலும் உடனே கொடி ஏறாது. முதல் நீச்சல் என்று ஒன்று இருக்கிறது. வலைக்குத் தப்பியது ஏதாவது உள்ளே இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு ஆள், கையும் காலும் மூடாத நீச்சலுடையில், கயிற்றின் ஓரமாகவே கடைசி மிதவை வரைக்கும் நீந்திப் போய், குளிக்கிற இடத்தின் நடுவாகத் திரும்பி வரவேண்டும். உடம்பில் ஒன்றும் கொட்டவில்லை என்றால் பச்சைக் கொடி. கொட்டினால் மறுபடி வலை. 'தினமும் சோதிக்கப்பட்ட கடல்' என்று விடுதி விளம்பரம் போடுகிறதே, அந்தச் சோதனை இதுதான். கருவியும் கிடையாது, மருந்தும் கிடையாது. ஒரு பெண்ணின் தோல்தான்.

அந்தத் தோலுக்குச் சொந்தக்காரி கரையில் நின்று தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள். அடிக்கயிற்றை மிதித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அண்ணி அவள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் இருந்து, ஒரே இடத்தில் வேலை செய்து, இன்னும் ஒருவர் முடியை ஒருவர் பிடிக்காமல் இருப்பதைக் கடற்கரையில் எல்லோரும் அதிசயமாகச் சொல்வார்கள். தலையைத் தண்ணீருக்கு மேலே நேராக வைத்துக்கொண்டு நீந்துவதால் அண்ணிக்கு வாத்தக்கா என்று பெயர். நாற்பதை நெருங்கும் வயதிலும், அவளைப்போல அலையடித்தாலும் வழிமாறாமல் நீந்த அங்கே யாரும் இல்லை.

அன்றைக்கு அவள் போய்வரப் பதினைந்து நிமிடம் ஆனது. நாத்தனார் வலையை மடிக்காமல் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணி கரையேறியதும் மேற்பார்வையாளர் வந்தார். கழுத்தில் எப்போதும் தொங்குவதை வைத்து அவருக்கு விசில் என்று பெயர். அவர் எதிரில் மட்டும் அண்ணே. அண்ணி கைகளை நீட்டித் திருப்பிக் காட்டினாள், காலைக் காட்டினாள்.

"சுத்தமா?"

"சுத்தம்ண்ணே."

பச்சைக் கொடி ஏறியது. நாத்தனார் அப்போதுதான் வலையை மடிக்கக் குனிந்தாள்.

நல்ல தண்ணீர்க் குழாயடியில் வலையை அலசும்போது அவள் மெல்லக் கேட்டாள். "அண்ணி, அந்த நர்சம்மா சொன்னதை விசில்கிட்ட சொன்னீங்களா இல்லியா?"

"எதுக்கு? அவரு ஊதறதுக்கா?"

"விளையாடாதீங்க."

ஐந்து நாளைக்கு முன், கொடி ஏறிய பிறகு ஈர வலையைத் தூக்கிப் போகும்போது அண்ணிக்குத் தோளில் கொட்டியது. இரண்டு வருடமாகக் கொட்டு வாங்கிப் பழகிய உடம்பு; தடித்து, எரிந்து, சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். அன்று அப்படி இல்லை. உதடு வீங்கியது, பேச்சுக் குழறியது, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. நாத்தனார்தான் அவளைப் பேருந்தில் வைத்து ஊருக்குள் இருக்கிற மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். ஊசி போட்ட நர்சு கண்டிப்பாகவே சொல்லிவிட்டாள். "உடம்பு மறக்காதும்மா. ஒவ்வொரு தடவை கொட்டறப்பவும் அதுக்குக் கோபம் அதிகமாகும். அடுத்த தடவை தொண்டை அடைச்சிக்கிட்டா, தண்ணிக்குள்ள இருந்தீங்கன்னா, கரை வரைக்கும் வர உங்களுக்கு நேரம் இருக்காது. வேற வேலை பாருங்க."

"இன்னும் பதினோரு நாள்தானே" என்றாள் அண்ணி, வலையை உதறியபடி. "பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிட்டா அறை நம்மகிட்டயே இருக்கும். இப்ப போய் எனக்கு ஒத்துக்கலைன்னு சொன்னா, நாளைக்கே வேற ஆளு. அறையும் அந்த ஆளுக்கு."

விடுதியின் விதி அப்படி. வலைக்காரர்களுக்கு அறை கிடையாது. முதல் நீச்சல்காரிக்கு மட்டும் ஊழியர் கட்டடத்தில் ஓர் அறை. கோடை முழுவதும், கொடி ஏறிய ஒரு நாளும் விடாமல் நீந்தி முடித்தால், விடுதி மூடிக் கிடக்கிற குளிர்காலத்திலும் அந்த அறையில் இருந்துகொள்ளலாம். ஒரு நாள் விட்டாலும் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும். போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நாத்தனார் நான்கு பேரும் படகுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குப் பின்னால் இருந்தார்கள். அண்ணியின் மகள் மூன்று மாதம் இருமினாள், பள்ளிக்கூடமும் போகவில்லை. இப்போது அவள் பத்தாவது. பள்ளிக்கூடம் அறையிலிருந்து நடக்கிற தூரம்.

"நான் நீந்தறேன் அண்ணி. உங்களுக்குப் பதிலா."

"நீயா? நீ நீந்தறதைப் பார்த்தா சொறிமீனே சிரிச்சிச் செத்துடும். அப்புறம் வலையே வேண்டாம்." அண்ணி ஈரக் கையால் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "உங்கண்ணன்கிட்ட மூச்சு விடாதே. அந்த மனுசன் ஏற்கெனவே தூங்கறதில்லை."

நாத்தனாருக்கு மனசு ஆறவில்லை. அன்று மதியமே விசிலிடம் போய், அண்ணிக்கு அந்த ரப்பர் உடுப்பை மட்டும் தரச் சொல்லிக் கேட்டாள். காரணத்தைச் சொல்லவில்லை. வயசாகுது, குளிருது என்று ஏதோ சொன்னாள். விசில் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, உடுப்புப் போட்டுக்கிட்டு நீந்தினா கொட்டுறது எப்படித் தெரியும்? கொட்டுதா இல்லையான்னு பார்க்கத்தானே நீந்துறதே?"

சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. பத்து வருடம் இதே வலையை இழுத்துவிட்டு மேலே வந்தவர். அவருடைய முன்கைகளிலும் கறுத்த கோடுகள் இருந்தன. அதனால்தானோ என்னவோ முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

அறை பத்துக்குப் பத்து. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் துணி, ஜன்னலுக்கு வெளியே விடுதிச் சலவைக்கூடத்தின் புகைக்குழாய். கட்டிலில் அண்ணன் உட்கார்ந்து கிழிந்த குடைத் துணிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். இந்த விடுதியின் முகப்புக்கு வண்ணம் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு போனவன். ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறைவும் இல்லை.

"வாங்கம்மா வாங்க" என்றான் மனைவியைப் பார்த்து. "என் பொண்டாட்டி குளிச்சாத்தான் இந்த ஊரே குளிக்கும். ராணிக்குக்கூட இந்தக் கொடுப்பினை கிடையாது."

"ஆமா, ராணி வந்துட்டா. எந்திரிச்சு டீ போடுங்க" என்றாள் அண்ணி.

மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிராமலே சிரித்தாள். நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் என்ன செய்வான்? ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசல் வரை போவான், அங்கே நின்று கத்துவான். அவள் காய் நறுக்க உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே காற்று திரும்பியது. எங்கேயோ நடுக்கடலில் புயல் என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே மழை ஒரு சொட்டு இல்லை, வானம் வெள்ளையாக வெளிறி, புழுங்கித் தள்ளியது. ஆனால் அலை மட்டும் ஆள் உயரத்துக்கு எழுந்து எழுந்து உடைந்தது. இரண்டு நாள் சிவப்புக் கொடி. விருந்தினர் அறைகளுக்குள் அடைந்து கிடந்து, சாப்பாடு சரியில்லை, தலையணை சரியில்லை என்று வேலையாட்கள் மேல் எரிந்து விழுந்தார்கள். சிவப்புக் கொடி நாளில் நீச்சல் இல்லை, அது விடுபட்ட நாளாகவும் கணக்கில் வராது. "இன்னும் ஒன்பது நாள் இப்படியே அடிச்சா நல்லா இருக்கும்" என்றாள் அண்ணி. கடல் கொந்தளிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே வீடு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அலை இறங்கிவிட்டது. அது சனிக்கிழமை. கோடை முடிவு நீச்சல் போட்டி வைத்திருந்த நாள். விடுதிக்காரர்கள் அதற்காக இரண்டு மாதமாக விளம்பரம் செய்திருந்தார்கள். விடியும் முன்பே மணலில் பந்தல், ஒலிபெருக்கி, பரிசுக் கோப்பைகள் அடுக்கிய மேசை, பக்கத்தில் ஒரு ஆம்புலன்ஸ் எல்லாம் வந்து நின்றன. வெயில் வெள்ளையாக அடித்தது. கடல் எண்ணெய் ஊற்றினதுபோல அசையாமல் கிடந்தது.

வலை முதல் இழுப்பில் காலியாக வந்தது. இரண்டாவதும் காலி. ஒன்பது இழுப்பிலும் ஒரு சொறிமீன்கூட இல்லை. கொஞ்சம் பாசியும் ஒரு ஒற்றைச் செருப்பும்தான் வந்தன. வெளியாள் பார்த்தால் நல்ல செய்தி என்றுதான் நினைப்பான். எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரலை அடித்த பிறகு வலை காலியாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே இருந்தவை அலையில் அடிபட்டுத் தூள்தூளாகப் பிய்ந்திருக்கின்றன. நூல் மாதிரியான கால்கள் துண்டு துண்டாகத் தண்ணீரெங்கும் மிதக்கும். வலைக்கண்ணில் நிற்காது, கண்ணுக்கும் தெரியாது. உடல் போன பிறகும் அந்தத் துண்டுகள் இரண்டு நாளைக்குக் கொட்டும். ஒட்டடைக்குச்சியின் கழுத்தில் ஏற்கெனவே ஒரு கோடு தடித்து எழும்பியிருந்தது.

மேலாளர் வெள்ளைச் செருப்பில் மணல் படாமல் பலகை மேலேயே நடந்து வந்தார். டிரம்மை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம். ஒண்ணுகூட இல்லை."

"சார், அதான் சார் ஆபத்து" என்றான் ஒட்டடைக்குச்சி. "எல்லாம் உடைஞ்சிருக்கு. ஒரு நாள் விட்டு, நீரோட்டம் மாறின பிறகுதான் இறங்கணும். இங்க பாருங்க, கழுத்துல."

மேலாளர் கழுத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருநூறு பேரு பேர் குடுத்திருக்காங்க. உங்க பேச்சைக் கேட்டு அனுப்பிடவா?"

"சார், உள்ள நிச்சயமா இருக்கு" என்றாள் நாத்தனார். அவரிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இருக்கா இல்லையான்னு நீ எதுக்குமா சொல்லணும்? அதைப் பார்க்கத்தானே ஒரு ஆளு நீந்துறாங்க?" என்றார் மேலாளர், பொறுமையாக. பிறகு விசிலிடம், "எட்டரைக்குள்ள முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போனார்.

அண்ணி சாமான் அறையில் நீச்சலுடை மாட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் எண்ணெய் வாங்கி ஓடி வந்து, துண்டுகள் ஒட்டாமல் வழுக்கட்டும் என்று, அண்ணியின் கையிலும் தோளிலும் முதுகிலும் வழிய வழியத் தேய்த்தாள். "போகாதீங்க அண்ணி. அறை போனாப் போகட்டும். எங்கியாவது இருந்துக்கலாம்."

"எங்க? கொட்டகையிலயா? தார்ப்பாய்க்குப் பின்னாடி பரிச்சைக்குப் படிப்பாளா அவ?" அண்ணி கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தை ஞாபகப்படுத்துவதுபோலத்தான் சொன்னாள். "வேகமாப் போய் வேகமா வந்துடறேன். பட்டாலும் ரெண்டு நிமிசத்துல கரைக்கு வந்துடுவேன்."

கதவருகே விசில் நின்றிருந்தார். எண்ணெய் மினுங்குகிற கைகளைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்.

"எண்ணெய் இருந்தா ஒண்ணும் தெரியாதும்மா. உனக்குத் தெரியாம, நான் கொடி ஏத்தி, அவங்க யாருக்காவது கொட்டிச்சுன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

அண்ணி துடைத்தாள். முதுகுக்குக் கை எட்டவில்லை. விசிலே துண்டை வாங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டே, அவள் முதுகைத் துடைத்துவிட்டார்.

அவள் இறங்கினாள். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. கறுப்புப் புள்ளியாக அந்தத் தலை ஒவ்வொரு மிதவையாகத் தாண்டிக் கடைசி மிதவையைத் தொட்டதும் வலைக்காரர்களில் யாரோ கைதட்டினார்கள். அவள் நடுவாகத் திரும்பினாள். நாத்தனார் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பாதித் தூரத்தில் தலை நின்றது. நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு எப்போதும் தண்ணீருக்கு மேலேயே இருக்கிற அந்த முகம் தண்ணீருக்குள் கவிழ்ந்தது.

நாத்தனார் ஓடினாள். அவளுக்கு முன்னால் ஒட்டடைக்குச்சியின் நீளக் கால்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. இருவருமாக அண்ணியைப் புரட்டி, தாடையைத் தூக்கிப் பிடித்து, இழுத்துக்கொண்டு வந்தார்கள். வரும் வழியெல்லாம் அவர்கள் தொடையிலும் வயிற்றிலும் நெருப்பு இழுத்தது. மணலில் கிடத்தியபோது அண்ணியின் கண் இமைகள் மூடித் தடித்திருந்தன. உதடுகள் அவளுடைய உதடுகளாகவே இல்லை. மூச்சு உள்ளே போகும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. மார்பின் குறுக்கே சாட்டையால் அடித்தமாதிரி நாலு கோடு.

விடுதி மருத்துவ அறையின் நர்சு பெட்டியோடு ஓடி வந்தாள். தொடையில் ஒரு ஊசி போட்டாள். கொஞ்ச நேரம் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் தலையை ஆட்டினாள். "இது பத்தாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஆக்சிஜனோட."

பந்தலுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஒட்டடைக்குச்சி அதை நோக்கி ஓடினான். மேலாளர் குறுக்கே வந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. "அது போட்டிக்குன்னு நிறுத்தியிருக்குப்பா. அது இங்க இல்லைன்னா போட்டியைத் தொடங்கவே கூடாது, அது சட்டம். சலவை வண்டி இருக்கு. அதுல சீக்கிரம் கொண்டு போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

சலவை வண்டி வந்தது. அழுக்குத் துண்டு மூட்டைகளை வெளியே எறிந்துவிட்டு, அண்ணியின் ஈரத்தைத் துடைத்து, நீச்சலுடையைக் கழற்றி, இரண்டு போர்வையால் சுற்றி அவளை உள்ளே கிடத்தினார்கள். நாத்தனார் ஏறப்போனபோது விசில் அவள் தோளைத் தொட்டார்.

"நீ போயிட்டா எப்படி?"

"அண்ணே, விடுங்க. எங்கண்ணி..."

"கேளு. ரெண்டே நிமிசம் கேளு." அவர் குரல் எழும்பவில்லை. "இன்னிக்கு நீச்சலை அவங்க முடிக்கலை. முடிக்கலைன்னா வராத நாள்னுதான் நான் எழுதணும். பேரு போயிடும், அறையும் போயிடும். பிழைச்சு வந்தா எங்க வந்து படுப்பாங்க? இன்னும் அரை மணி நேரத்துல யாராவது நீந்தித்தான் ஆகணும், அவரு விடமாட்டாரு. நீ நீந்தினா, நீந்தினது யாருன்னு எழுதறது நான்தானே."

"மீதி நாளு?"

"மீதியை அப்புறம் பார்க்கலாம்."

அண்ணியின் கை போர்வைக்கு வெளியே வந்து நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவளுக்குக் காது கேட்டதா, என்ன சொல்ல நினைத்தாள் என்று தெரியாது. பேசும் நிலையில் அவள் இல்லை. பிடி மட்டும் இரும்பாக இருந்தது. நாத்தனார் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போர்வைக்குள் வைத்தாள். "நீ அவங்களோட போ" என்று ஒட்டடைக்குச்சியிடம் சொன்னாள். "போய்ச் சேர்ந்ததும் எங்கண்ணனுக்குச் சொல்லிவிடு. மெதுவாச் சொல்லு." அவன் ஏறி அண்ணியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வண்டி மணலில் ஒரு தடவை புதைந்து, திணறி, பாதைக்கு ஏறிப் போயிற்று.

பேருக்கு மறுபடியும் நாலு இழுப்பு இழுத்தார்கள். வலை காலியாகவே வந்தது. ஓட்டம் மாறியிருக்கும் என்று மேலாளர் சொன்னார். விருந்தினர் திரளாக இறங்கி வந்து, கயிற்றுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் மையால் எண் எழுதியிருந்தது. சிலர் கையை வீசி, காலை மடக்கி உடம்பைச் சூடேற்றினார்கள். "என்னாச்சு, ஏன் லேட்டு?" என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, ஏதோ சின்னத் தடங்கல், இப்போது ஆரம்பித்துவிடும் என்று பந்தலில் இருந்த பெண் இனிமையாகச் சொன்னாள்.

விடுதியிடம் அந்த நீச்சலுடை ஒன்றுதான் இருந்தது. நாத்தனார் சாமான் அறையில் அதை மாட்டிக்கொண்டாள். தோளில் தொளதொளத்தது, நனைந்திருந்தது, அதன் நூலில் இன்னும் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்து இடுப்பில் சுருக்கென்றது. வெளியே வந்தாள். விசில் அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "கயிறைப் பிடிச்சிக்கிட்டே போ. ஆழமாப் போகாதே. ஏதாவதுன்னா நான் இருக்கேன்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். தண்ணீரைப் பார்க்காமல் நடக்கவேண்டும் என்று நினைத்தாள், கால் தானாகப் பின்வாங்கியது. வண்டி இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று நினைத்ததும் கால் மறுபடி நகர்ந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. அறிவிப்பாளர் கையில் தாள் இருந்தது. நேற்றே எழுதி வைத்த தாள்.

"அன்பான விருந்தினர்களே! போட்டி தொடங்கறதுக்கு முன்னால ஒருத்தரை நாம கௌரவிக்கணும். இந்தக் கோடை முழுக்க, ஒரு நாள்கூடத் தவறாம, நமக்காகக் கடல்ல முதல் ஆளா இறங்கி, இது சுத்தமா இருக்குன்னு சொன்னவங்க. அவங்களாலதான் நம்ம குழந்தைங்க இங்க பயமில்லாம குளிச்சாங்க. இதோ, இவங்கதான் அவங்க! நல்லா பலமாக் கைதட்டுங்க!"

இருநூறு பேரும் கைதட்டினார்கள். சிலர் விசிலடித்தார்கள். ஒரு தகப்பன் தன் சின்ன மகளைத் தோளில் தூக்கிக் காட்டினான். மேலாளர் மணலுக்கே இறங்கி வந்து, "கையைத் தூக்கி ஆட்டச் சொல்லுங்க, படம் எடுக்கறாங்க" என்றார். விசில் அதைச் சொன்னார். நாத்தனார் கரையைப் பார்த்துத் திரும்பி நின்று கையைத் தூக்கி ஆட்டினாள். எல்லோரும் படம் எடுத்து முடிக்கும்வரை ஆட்டினாள். பிறகு கடல் பக்கம் திரும்பி, முழங்கால் ஆழத்துக்குப் போய், கயிற்றைத் தேடி வெறும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். பின்னால் கைதட்டல் இன்னும் நிற்கவில்லை.